கொடை முடியிற வரைக்கும் அதிகாரம்

ஜன்னலோரத்தை நான் கேக்கல தாயி, நீயே உக்காந்துக்கோ. எனக்குக் காத்து ஒத்துக்காது. அந்தப் பையை மட்டும் மேல வச்சிராத, மடியிலயே இருக்கட்டும். உள்ள கம்ப்யூட்டர்தான? பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். எம் மருமககிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. தூங்கும்போது மட்டுந்தான் கீழ வைப்பா.

ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. உனக்கு சுடோ தெரியுமா?

சிரிக்காத தாயி. வெத்தலை போட்ட வாயில இதெல்லாம் வருதேன்னு பாக்கியா? நான் சுடோ அதிகாரத்துல இருந்தவ. எங்க ஊரு முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டுன அன்னைக்குக் குடுத்தாங்க. கொடை முடிஞ்ச மறுநா காலையில பிடுங்கிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லல. அந்த வயித்தெரிச்சலை யாருகிட்டயாவது கொட்டணும்னு பாத்துக்கிட்டு இருந்தேன், நீ பையோட வந்து உக்காந்துட்ட. தென்காசி வரைக்கும்தான போற? அப்ப நேரம் இருக்கு.

நாங்க கேபிள் டிவிக்காரங்க. எங்க ஊருல தென்றல் கேபிள்னு கேட்டா சின்னப்பிள்ளையும் கை காட்டும். எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சது. அவரு பேரைக் கேட்றாத, நான் சொல்ல மாட்டேன். எங்க வயசுக்காரிக புருசன் பேரைச் சொல்லுறது கெடையாது. ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளை விட்டுச் சொல்லச் சொல்லுவேன். மீசைக்காரர்னு வச்சுக்கோ. அப்படி ஒரு மீசை. அவரு தெருவுல வந்தா, சட்டையைப் பிடிச்சுச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கிறவன் சட்டையை விட்டுட்டு ஒதுங்கி நிப்பான்.

அவரு போனதுக்கு அப்பறம் மகன் பேச்சிமுத்து கம்பத்துல ஏறி வயரைப் பாக்கான், மருமக செல்வி பொட்டியைப் பாக்கா. ஆவுடைச்செல்வி முழுப்பேரு. காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சவ.

பொட்டின்னா டிவிப் பொட்டி இல்ல தாயி. ஊருக்குன்னு ஒரு சேனல் ஓட்டுதோம்ல, கோயில் விசேஷம், காதுகுத்து, அடியில ஓடுற எழுத்துல இன்னார் காலமானார், இன்னாருக்குப் பிறந்தநாள்னு, அதை வீடு வீடா அனுப்புற கம்ப்யூட்டர். லினக்ஸ்னு சொல்லுவா. எங்க வீட்டு முன்னறையில, பீரோவுக்குப் பக்கத்துல மேசை மேல இருக்கு.

பீரோ சாவி எங்கிட்ட இருக்கும். இந்தா பாரு, இடுப்புல. அவ எங்க வீட்டுக்கு வந்து ஏழு வருசம் ஆகுது, சாவியக் குடுங்க அத்தைன்னு ஒரு நாள் வாயைத் தெறந்து கேட்டதில்ல. தங்கமான பிள்ளை. அவ நகையா, பட்டுச்சேலையா, என்ன வேணுமோ எங்கிட்ட சொல்லுவா. நான் தெறப்பேன், எடுத்துக் குடுப்பேன், பூட்டிருவேன். திரும்பக் கொண்டாந்தா தெறப்பேன், வாங்கி வைப்பேன், பூட்டிருவேன். அவ நகைதான், நான் இல்லைங்கல. ஆனா வீடுன்னா ஒரு ஒழுங்கு வேணும்ல? அவளுக்கு என்ன கொறைச்சல் வச்சேன்?

சரி, கதைக்கு வாரேன். ஏழு வருசத்துக்கு அப்பறம் அவளுக்கு வயித்துல தங்கியிருக்கு. வளைகாப்பு முடிஞ்சு ஆய்க்குடிக்கு அவ அம்மா வீட்டுக்குப் போகணும். அந்த நேரம் பாத்து கொடை வருது. இந்த வருசக் கொடையை நேரடியா டிவியில காட்டுற பொறுப்பு எங்களுக்குக் கெடைச்சிருக்கு. போன வருசம் வரைக்கும் சுடலைக்கண்ணு கேபிள்காரன்தான் காட்டுனான். கமிட்டித் தலைவரு வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போறாரு: "யக்கா, பழகுன தோசத்துக்காக உங்களுக்குக் குடுத்திருக்கு. மதியக்கொடையில சாமி எறங்குற நேரம் மட்டும் படம் நின்னுச்சோ, இனிமே என்னைக்கும் சுடலைக்கண்ணுதான். ஊரும் அவன் வயரைத்தான் இழுக்கும்."

எங்க பொட்டிக்கு ஒரு கோளாறு உண்டு. வெயில் ஏறுனா மயங்கிரும். படம் அப்படியே நிக்கும். அப்ப ஒரு ஆளு உக்காந்து எழுப்பி விடணும். எழுப்புறதுக்கு அதிகாரம் வேணும். அது செல்விகிட்ட மட்டுந்தான் இருக்கு.

எம் மகனுக்கு ஏன் குடுக்கலன்னு கேக்கியா? குடுத்தாளே. போன தீவாளிக்குக் குடுத்தா. இடம் அடைச்சுக்கிட்டு இருக்கு, சுத்தம் பண்ணுதேன்னு ஒரு தட்டு தட்டுனான் பாரு, அந்த வருசம் புடிச்ச கல்யாண வீடியோ அம்புட்டும் போச்சு. மேலத்தெருவுல ஒரு பொண்ணு வாசல்ல வந்து நின்னு அழுதா, எங்கல்யாணத்தையே அழிச்சிட்டீங்களேன்னு. அன்னைக்கே அவன் பேரை எடுத்துட்டா. புருசன்னும் பாக்கல.

அதான் எங்கிட்ட வந்தா. "அத்தை, கொடை முடியிற வரைக்கும் பொட்டியை உங்களை நம்பி விட்டுட்டுப் போறேன்."

"எனக்கென்னட்டி தெரியும், நான் அஞ்சாங்கிளாஸ்."

"ஏபிசிடி தெரியும்ல? போதும். நீங்கதான் இடத்தை விட்டு அசைய மாட்டீங்க."

பாத்தியா, என் கொணம் தெரிஞ்சு வச்சிருக்கா.

உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா. "அத்தை, இதுக்குள்ள ரூட்டுன்னு ஒரு முதலாளி இருக்காரு. அவரு என்ன சொன்னாலும் பொட்டி மறுபேச்சு பேசாது. வீட்டையே இடின்னாலும் இடிச்சிரும். அதனால யாரும் நாள் பூரா அவரா உக்காந்துக்கிட்டு இருக்கக் கூடாது. நாம நாமளாவே இருந்துக்கிட்டு, வேணும்கிறப்ப மட்டும் சுடோன்னு போட்டு, அவரு அதிகாரத்துல அந்த ஒரு வேலையச் செஞ்சிட்டு எறங்கிரணும்."

"அட, நம்ம உலகநாதன் மாதிரி"ன்னேன். உலகநாதன் எங்க தெரு டெய்லரு. கொடைக்கு அவரு மேலதான் அம்மன் எறங்கும். எறங்குன நேரம் தலைவரு காலுல விழுவாரு, போலீஸ்காரரு காலுல விழுவாரு. மலையேறிருச்சுன்னா அவரு மறுபடியும் டெய்லரு, ஜாக்கெட்டு இன்னும் தைக்கலையான்னு எல்லாரும் ஏசுவோம்.

"அதேதான் அத்தை! இன்னும் சொன்னா, நீங்க எனக்கு பீரோ தெறந்து குடுக்கிறீங்கள்ல, அந்த மாதிரி. சாவி எங்கிட்ட இருக்காது. வேணும்னா கேக்கணும், எடுக்கணும், உடனே பூட்டிரணும்."

எனக்கு ரொம்பப் பெருமையாப் போச்சு தாயி. எங்க இருக்கிறவனோ செஞ்ச கம்ப்யூட்டரு, எங்க வீட்டு ஒழுங்கைப் பாத்துல்ல செஞ்சிருக்கான்!

எனக்குன்னு ஒரு பேரு போட்டா, பூரணம்னு. எழுப்புன்னு இங்கிலீஷ் எழுத்துல ஒரு ஏவலும் எழுதி வச்சா. சுடோ, ஒரு இடைவெளி, எழுப்பு. அம்புட்டுத்தான். அப்பறம் பாஸ்வேர்டு. "யாருக்கும் தெரியாத ஒண்ணா வைங்க அத்தை. எங்கிட்டயும் சொல்ல வேண்டாம். உங்க மகன்கிட்ட செத்தாலும் சொல்லக் கூடாது."

அப்படி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. ரெண்டே பேருக்குத் தெரிஞ்ச சொல்லு. அதுல ஒருத்தர் இப்ப போட்டோவுல இருக்காரு. அவளைத் திரும்பிக்கச் சொல்லிட்டுத் தட்டுனேன்.

தட்டுனா ஒண்ணும் தெரியல! எழுத்தும் வரல, புள்ளியும் வரல. நான் என்ன செய்வேன், கீபோர்டு பழுதுன்னு ஓங்கி ஓங்கிக் குத்துனேன். அது சாரின்னுது. மன்னிப்புக் கேட்டுக்கிட்டு, மறுபடி தட்டுங்கன்னுது. எங்க வீட்டுல எங்கிட்ட மன்னிப்புக் கேட்ட மொத ஆளு அதுதான். "அத்தை, பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது, பக்கத்துல நிக்கிறவன் எத்தனை எழுத்துன்னுகூட எண்ணிரக் கூடாதுன்னு"ங்கா. சரின்னு மெதுவாத் தட்டுனேன். உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு உபதேசம் வந்துச்சு பாரு. செல்வி படிச்சுச் சொன்னா: அடுத்தவங்க சங்கதியில மூக்க நுழைக்காதே, தட்டுறதுக்கு முன்னாடி யோசி. எம் மாமியாகூட எனக்கு அப்படிச் சொன்னதில்ல.

இன்னொண்ணு. ஒரு தடவை பாஸ்வேர்டைத் தட்டிட்டா கால் மணி நேரத்துக்கு நம்மளை ஞாபகம் வச்சிருக்கும். அப்பறம் சுத்தமா மறந்துரும். நீ யாருன்னு மொதல்ல இருந்து கேக்கும். இப்பத்தான சொன்னேன்னு ஏசுவேன். அதுக்குக் காது கெடையாது. எம் பொட்டி, எம் வீட்டு மேசை, எங்கிட்டயே நீ யாருன்னு கேட்டா எப்படி இருக்கும் சொல்லு. மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

அவ ஆய்க்குடிக்குப் போயிட்டா. பேச்சிமுத்து பூனை மாதிரி வந்தான். "எம்மா, உனக்குத்தான் அதிகாரம் இருக்கே. எம் பேரையும் உள்ள சேத்து விடேன். நான் சொல்லச் சொல்ல நீ தட்டு." 

"போடா, எம் மருமக என்னைய நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கா"ன்னேன். அன்னைக்கு சாயங்காலம் சும்மா, என்னதான் சொல்லுதுன்னு பாப்போமேன்னு, அவன் சொன்ன மாதிரி தட்டுனேன். சும்மாதான் தாயி. அதுக்கு அது, மன்னிக்கணும், பூரணத்துக்கு இந்த வேலை செய்ய அனுமதி இல்லைன்னுருச்சு. அப்பத்தான் தெரியுது, எழுப்புறதைத் தவிர ஒண்ணுமே எனக்குக் குடுக்கலன்னு! இருந்தாலும் எழுப்புறதுன்னா லேசா? கோயில்ல சாமியை எழுப்புறதுக்குன்னு தனி ஆளு இருக்காங்கல்ல?

மதியக்கொடை அன்னைக்கு நல்ல வெயில். காலையில செல்வி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்னு போன் வந்துச்சு. வலி எடுத்துருச்சாம். போகும்போதும் அவ அம்மாகிட்ட சொல்லி விட்டிருக்கா, அத்தையை மேசையை விட்டு எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்கன்னு.

நான் எந்திரிப்பேனா? எந்திரிக்கல. ஒரே ஒரு எட்டு, சாமி கும்பிட்டுட்டு வந்துருவோம்னுதான் போனேன். அரக்குக் கலர் பட்டு கட்டிக்கிட்டு போனேன். போன எடத்துல பாத்தா, கேமராவுக்கு நேர் எதுக்க ஒரு எடம் காலியா இருந்துச்சு. உக்காந்தேன். வீடு வீடாத் தெரியிற படத்துல கேபிள்காரர் பொண்டாட்டி தெரிய வேண்டாமா? பின்ன எதுக்கு அதிகாரம்?

தீச்சட்டி எடுத்தவங்க வரிசையா வந்து தெருவை அடைச்சிட்டாங்க. ஒரு ஈ திரும்பிப் போக முடியாது. உலகநாதன் மேல அம்மன் எறங்கிருச்சு. மேளம்னா மேளம், நெஞ்சு அதிருது. அப்பப் போன் அடிக்குது.

"எம்மா எங்க இருக்க? படம் நின்னு போச்சு! ஊரு பூரா போன் பண்ணுது. சுடலைக்கண்ணு வாசல்ல வந்து நின்னு சிரிக்கான்!"

"செல்விக்குப் போடுடா!"

"அவளைப் பிரசவ அறைக்குள்ள கொண்டு போயிட்டாங்க! நான் உன் மேசையில உக்காந்திருக்கேன். சுடோ எழுப்பு போட்டுட்டேன். பாஸ்வேர்டு கேக்குது. சொல்லு!"

எப்படிச் சொல்லுவேன்? செத்தாலும் சொல்லக் கூடாதுன்னு அவ சொன்னது ஒரு பக்கம். அது ஒரு பக்கம் கெடக்கட்டும். அந்தச் சொல்லை நான் வெளியில எப்படிச் சொல்லுவேன்?

"உங்கப்பா பேருடா"ன்னேன்.

தட்டுனான். சாரின்னுருச்சு. "அப்பா பேரு இல்லம்மா!"

"அந்தப் பேரு இல்லடா. நான் கூப்பிடுற பேரு."

"நீ எங்க கூப்பிட்ட? நீ 'இந்தாங்க'ன்னுதான கூப்பிடுவ!"

"அது உங்களுக்கு முன்னாடிடா, கூறு கெட்டவனே!"

கமிட்டித் தலைவரு போனைக் காதுல வச்சுக்கிட்டு என்னையே பாக்காரு. கேமராக்காரன் கையை விரிக்கான். எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருசம் கம்பம் கம்பமா ஏறி இழுத்த வயரு தாயி. மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுதுன்னு, போனை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு, அடிவயித்துல இருந்து கத்துனேன்.

"பூனைக்குட்டி!"

சொல்லும்போது பாரு, உலகநாதன், இல்ல, அம்மன், குறி சொல்லுறதுக்காகக் கையைத் தூக்கிருச்சு. மேளம் டக்குனு நின்னுருச்சு. அவ்வளவு கூட்டமும் மூச்சு விடாம நிக்குது. அந்த அமைதியில பூனைக்குட்டின்னு எங்குரலு கோபுரத்துல முட்டித் திரும்பி வருது.

எல்லாரும் திரும்பிட்டாங்க. பேச்சிமுத்து போனுல, "என்னது? அப்பாவையா? பூனைக்குட்டியா?"ங்கான். ஏன்னு கேக்கான்! ஊரு எரியும்போது ஏன்னு கேக்கான். மீசையைப் பாத்துதான்டா வச்சேன், கல்யாணமான புதுசுல, மீசையை ஒரு பக்கமா ஒதுக்கிக்கிட்டுப் பால் குடிப்பாருடான்னேன். அதையும் ஊரு கேட்டுச்சு.

தட்டுனான். எழுத்து தெரியலன்னு பதட்டத்துல தப்பாத் தட்டிருக்கான். மறுபடியும் சாரி. "இன்னொருக்கா சொல்லும்மா, மெதுவா!" அதுக்குள்ள அவனே சரியாத் தட்டிட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எந்திரிச்சு நின்னு, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி, "பூ… னைக்… குட்… டி…"ன்னு சொல்லுதேன். அப்பத்தான் பொட்டி முழிச்சிருக்கு. படம் வந்துருச்சு. வீடு வீடா மொதல்ல தெரிஞ்சது அம்மன் இல்ல தாயி. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நான்.

உலகநாதன் மேல இருந்த அம்மனுக்கே சிரிப்பு வந்துருச்சுன்னா பாத்துக்கோ. வேப்பிலையால மூஞ்சிய மூடிக்கிட்டு, "கொறை ஒண்ணும் இல்ல, மழை பெய்யும்"னு சுருக்கமாச் சொல்லிட்டு மலையேறிருச்சு. 

தலைவரு கிட்ட வந்து, "யக்கா, குறி சொல்லுறதுக்குள்ள படம் வந்துருச்சு. அடுத்த வருசமும் நீங்கதான்"னாரு. சொல்லிட்டு, "அண்ணாச்சி மீசையைப் பாத்து நான் எவ்வளவு பயந்திருக்கேன்"னு கண்ணைத் தொடச்சிக்கிட்டாரு. சிரிச்ச கண்ணீரா என்னன்னு தெரியல.

சாயங்காலம் பேத்தி பொறந்துட்டான்னு சேதி வந்துச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மறுநா காலையில பொட்டி நல்லாத்தான் ஓடுது. இருந்தாலும் பழகிப் போச்சுல்ல, ஒருக்கா எழுப்பிப் பாப்போம்னு உக்காந்தேன். சுடோ எழுப்பு.

என்ன சொல்லுச்சு தெரியுமா? பூரணம் பேரு பட்டியல்ல இல்ல. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்!

நேத்து ஊரு மானத்தைக் காப்பாத்துனவ நான். புகாராம்! பேச்சிமுத்து படிச்சுச் சொல்லிட்டு சிரிக்கான், நம்ம ரெண்டு பேரும் இப்ப ஒண்ணுதாம்மான்னு. விடாமத் தட்டுனேன். அதுவும் விடாமப் புகார் பண்ணுது.

புகார் போன எடம் ஆய்க்குடி. செல்வி போன் போட்டா. "அத்தை, காலையிலயே என்ன பண்ணுறீங்க? எம் போன் குதிச்சுக்கிட்டே இருக்கு."

"எதுக்குட்டி எடுத்த எம் பேரை?"

"நான் எடுக்கல அத்தை. கொடை முடிஞ்ச மறுநா தானாப் போற மாதிரி வரும்போதே எழுதி வச்சிட்டு வந்தேன். உங்ககிட்டயும் சொன்னேனே. மலையேறிருச்சு அத்தை. நல்லவேளை, இப்ப உங்க பாஸ்வேர்டு தெரியாத ஆளே ஊருல இல்லையே."

சொல்லிட்டு சிரிக்கா. சிரிச்சுக்கிட்டே, "யம்மா, தையல் வலிக்குது, பூனைக்குட்டின்னு இன்னொரு தடவை சொல்லிராதீங்க அத்தை"ங்கா. நான் எங்க சொன்னேன்? அவதான சொன்னா.

அப்பறம் மெதுவா, "அத்தை, நான் சின்னப்பிள்ளையில போட்ட வெள்ளிக் கொலுசு, பீரோ கீழ்த்தட்டுல இருக்கு. பிள்ளைக்குப் போடலாம்னு. உங்களுக்கு முடியும்னா… தெறந்து எடுத்துட்டு வர முடியுமா?"ன்னா.

அவ கொலுசு. அவ பிள்ளைக்கு. முடியுமான்னு கேக்கா.

எனக்கு ஏன்னு தெரியல தாயி, அந்த நேரம் பாத்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தட்டிட்டு, விடுமா விடாதான்னு அந்தக் கறுப்புத் திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்ல, அது ஞாபகத்துக்கு வந்துச்சு. எதுக்கு வந்துச்சோ. வயசானா இப்படித்தான், சம்பந்தமில்லாம ஒண்ணு வரும்.

கொலுசை எடுத்துக்கிட்டுத்தான் இப்ப ஆய்க்குடிக்குப் போறேன். இந்தா, மஞ்சத்துணியில முடிஞ்சிருக்கு. அதோட கெடக்கே, அது என்னன்னு பாக்கியா? சாவிதான். புதுசு. சங்கரன்கோயில்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க ஒருத்தன் போட்டுக் குடுத்தான். 

அவளுக்குத்தான். பின்ன யாருக்கு? ஆனா அவளை மாதிரியே நானும் ஒழுங்கா சொல்லித்தான் குடுக்கப் போறேன். கீழ்த்தட்டு மட்டுந்தான். மேல்தட்டைத் தொட அனுமதி இல்ல. தெறந்தா கால் மணி நேரத்துக்குள்ள பூட்டிரணும். மீறுனா அந்தச் சம்பவம் புகார் செய்யப்படும். யாருகிட்டயா? பீரோவுக்கு மேல மாட்டியிருக்கோமே போட்டோ, மீசையோட, அவருகிட்டதான்.

பேசிக்கிட்டே வந்ததுல கடையநல்லூரைத் தாண்டிட்டோம் போல. நல்லவேளை நீ வந்து உக்காந்த. புளியங்குடியிலயே எறங்கித் திரும்பிருவோமான்னு எனக்கு ஒரு யோசனை இருந்துச்சு.

எவ்வளவு நாளைக்குன்னு கேக்கியா, சாவியை?

தற்காலிகம்தான் தாயி. அவ எனக்குக் குடுத்த மாதிரியே, கொடை முடியிற வரைக்கும்னுதான் சொல்லுவேன்.

எந்த வருசத்துக் கொடைன்னு சொல்ல மாட்டேன்.